பெட்டி க்யூரியின் தெற்குப் பக்கம்

பெட்டி க்யூரி, கேம்பிரிட்ஜ்
8 பிப்ரவரி 1970

அன்புத் தங்கை முரியலுக்கு,

உன் அண்ணன் பெர்சி இங்கே நல்லபடியாக இருக்கிறேன். பூமியின் அந்தக் கோடியில் நீயும் ஆல்பியும் உங்கள் ஆப்பிள் மரங்களும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. அப்போது என் கையெல்லாம் கிரீஸ். அதனால் கீழே கம்பளிநூல் கடை வைத்திருக்கிற மிஸஸ் டாக்கரில் என்பவள்தான் அதைப் பிரித்துப் படித்துக் காட்டினாள். உன் குரலில் கொஞ்சம், ஆல்பியின் குரலில் கொஞ்சம் என்று நாடகமே போட்டுவிட்டாள். ஆல்பி ஏணியிலிருந்து விழுந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இந்த மனுஷனை எப்படித்தான் கட்டிக்கிட்டு மாரடிக்கிறா உங்க தங்கச்சி!" என்றாள். "நாந்தான் கட்டிவச்சேன். சைக்கிள் ரிப்பேருக்கு வந்த ஆஸ்திரேலியாச் சிப்பாயை மாடிக்கு டீ குடிக்கக் கூப்பிட்டது என் தப்பு" என்றேன்.

இங்கே பெட்டி க்யூரித் தெருவில் ஒரே பேச்சு இடிப்புதான். நம் தெரு முழுக்க இல்லை, தெற்குப் பக்கம் மட்டும். அதாவது நம் பக்கம். பின்னாலுள்ள முற்றங்கள், பழைய சத்திரம், நீயும் நானும் பிறந்த அந்த மாடி அறைகள், எல்லாம் போய்க் கடைவளாகம் வருகிறதாம். இருபது வருஷமாகச் சொல்கிறார்கள். இந்த முறை ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். எங்களுக்கெல்லாம் ஊருக்கு வடக்கே ஆர்பரியில் புதுக் குடியிருப்பு தருவதாக நகரசபையிலிருந்து தாள் வந்திருக்கிறது. எனக்கு அவசரமில்லை.

பேனா சரியில்லை. எழுத்து கோணலாகப் போனால் கோபித்துக்கொள்ளாதே. ஆல்பியைக் கேட்டதாகச் சொல்.

பாசமுள்ள அண்ணன்
பெர்சி


ஹோபார்ட் அருகே, டாஸ்மேனியா
1 மார்ச் 1970

அன்புள்ள பெர்சி,

நீ சுகமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய், நம்புகிறேன். நாங்களும் அப்படியே. ஆல்பிக்கு ஒரு இருமல் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அறுவடை நேரம், மருந்து குடிக்கக்கூட உட்காரமாட்டேன் என்கிறார்.

பேனா சரியில்லையா? உன் மூன்றாவது வரி இரண்டாவது வரியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆல்பி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒங்கண்ணன் குடிச்சிட்டு எழுதுனானா, இல்ல கப்பல்ல எழுதுனானா?" என்கிறார். ஒரு நல்ல பேனா வாங்கிக்கொள்.

பெர்சி, அந்த ஆர்பரி வீட்டை உடனே எடுத்துக்கொள். அறுபத்தொரு வயசில் இன்னும் தகர வாளியில் வெந்நீர் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறுகிறாய். அங்கே குழாயைத் திருகினால் வெந்நீர் வரும், குளியல்தொட்டி இருக்கும். இடிந்து விழுகிற கட்டடத்தில் ஒருவனாக எதைக் காத்துக்கொண்டு இருக்கிறாய்? உன் பிடிவாதம் எனக்குப் புரியவேயில்லை.

ஒன்று மட்டும் செய். இடிப்பதற்கு முன்னால் நம் வீட்டை ஒரு புகைப்படம் எடுத்து அனுப்பு. தெருவில் நின்று, நம் ஜன்னல் தெரியும்படி. மறக்காதே.

உன் தங்கை
முரியல்


பெட்டி க்யூரி, கேம்பிரிட்ஜ்
14 ஜூன் 1970

அன்புத் தங்கைக்கு,

பதில் போட மூன்று மாதம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை; வேலை அதிகம். மாணவர்கள் பரீட்சை முடிந்து கூத்தடிக்கிற வாரம். நதியில் விழுந்த சைக்கிள்கள் எல்லாம் என் பட்டறைக்குத்தான் வருகின்றன.

புகைப்படக் கருவி பழுதாகிக் கிடக்கிறது. பார்க்கலாம்.

போன வாரம் ஒரு வேடிக்கை. ரொட்டிக்கடைக்கு எதிரே தெருவைக் கடந்துகொண்டிருந்தேன். ஒரு பையன் சைக்கிளை நேரே என்மேல் ஏற்றிவிட்டான். இரண்டு பேரும் தரையில். "யோவ் பெரியவரே, கண்ணு தெரியல?" என்று கத்தினான். "ஒனக்குத் தெரிஞ்சுதா? தெரிஞ்சா சுத்திப் போயிருக்கலாமே! சரி, ஒன் முன் பிரேக்குல கட்டை தேஞ்சுபோச்சு, சத்தமே சொல்லுது. சாயங்காலம் பட்டறைக்குக் கொண்டா" என்றேன். கொண்டுவந்தான் பாவம். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

புது வீட்டைப் பற்றித் திட்டியிருக்கிறாய். முரியல், இந்தத் தெருவில் எனக்கு எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. படியிறங்கினால் இடப்பக்கம் முதலில் புகையிலை வாசனை, அப்புறம் ரொட்டி, அப்புறம் மழைக்கோட்டுக் கடையின் ரப்பர் நெடி. தொண்ணூற்றாறு அடியில் சந்தை. வலப்பக்கம் திரும்பினால் நூற்றிருபது அடியில் கல்லூரி வாசல். அந்த முனையில் எந்தக் கோடையிலும் சில்லென்று காற்று அடிக்கும். கால் மணிக்கொரு தரம் கோயில் மணி. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே மாதிரி நூறு வாசல் இருக்கிற இடத்துக்குப் போய் என்ன செய்ய? வெந்நீர் பெரிய விஷயமா?

ஆல்பியின் இருமல் எப்படி?

உன்
பெர்சி


ஹோபார்ட் அருகே
12 ஜூலை 1970

அன்புள்ள பெர்சி,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே பனி கொட்டுகிறது, உனக்குக் கோடை. எனக்கு இன்னும் இது பழகவில்லை.

ஆல்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். பரிசோதனைக்காகத்தான். நெஞ்சில் ஏதோ நிழல் தெரிகிறது என்கிறார்கள். அவர் நர்சுகளிடம் ஆப்பிள் விலை பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "ஒங்கண்ணனுக்கு இதெல்லாம் எழுதாத, அவன் அங்க தனியா ஒக்காந்து கவலப்படுவான்" என்று சொன்னார். எழுதுகிறேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

வீட்டை எப்போது காலி செய்கிறாய், படம் எடுத்தாயா, விழுந்த அடி உண்மையில் ஆறிவிட்டதா? மூன்று கேள்வி கேட்டிருக்கிறேன். மூன்றுக்கும் பதில் வேண்டும். நீ இப்போதெல்லாம் கேட்டதை விட்டுவிட்டு வேறு எதையோ எழுதுகிறாய்.

முரியல்


பெட்டி க்யூரி, கேம்பிரிட்ஜ்
20 செப்டம்பர் 1970

அன்புத் தங்கைக்கு,

ஆல்பியைப் பற்றிய செய்தி வந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. நிழல்தானே, நிழலாகவே போய்விடும். அந்த ஆள் ஜெர்மன்காரன் குண்டுக்கே தப்பியவன். தைரியமாக இரு.

கேள்விகளுக்குப் பதில். காலி செய்யவில்லை. படம் எடுக்கவில்லை. முழங்கை ஆறிவிட்டது.

மிஸஸ் டாக்கரில் போன சனிக்கிழமை கடையை மூடிவிட்டு நார்விச்சில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போகிற நாள் காலையில் மாடிக்கு வந்தாள். "பெர்சி, இனிமே ஒங்க தங்கச்சி காயிதத்தை யார் நடிச்சுக் காட்டுவா?" என்று கேட்டாள். "நானே நடிச்சுக்கறேன்" என்றேன். படிவரை போய்த் திரும்பி வந்தாள். பிறகு, "யாருகிட்டயாவது சொல்லிவைங்க பெர்சி. அசிங்கமில்ல" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கடையில் மிச்சமிருந்த நல்ல கம்பளியில் பின்னிய மஃப்ளர் ஒன்று கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்போது இந்தப் பக்கத்தில் மேல்மாடியில் வசிப்பது நான் ஒருவன்தான். ரொட்டிக்கடையும் மூடியாயிற்று. பட்டறை முதலாளி மாதக் கடைசியோடு சரி என்றார். ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கிறார்கள். தெருவில் சத்தத்துக்குக் குறைவில்லை, சந்தைக்குப் போகிற கூட்டம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. என் படியில் மட்டும் காலடி கேட்பதில்லை.

ஆல்பிக்குக் குணமானதும் எழுது.

உன்
பெர்சி


ஹோபார்ட் அருகே
25 அக்டோபர் 1970

பெர்சி,

ஆல்பி போய்விட்டார். பதினேழாம் தேதி, சனிக்கிழமை மத்தியானம்.

தந்தி கொடுக்க நினைத்தேன். நாலு சொல்லில் அவரை முடித்துவிட மனசு வரவில்லை. இப்போது உட்கார்ந்தால் நாலு சொல்லுக்கு மேல் வரவில்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். மரமெல்லாம் பூத்திருந்தது. காற்று அதிகமா என்று கேட்டார். இல்லை என்றேன். நிறைய இருந்தது, பூவெல்லாம் உதிர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு இங்கே நீ அறிந்த அளவு அவரை அறிந்தவர்கள் யாரும் இல்லை. உடனே எழுது. என்ன எழுதினாலும் சரி. உன் கையெழுத்து வந்தால் போதும்.

முரியல்


பெட்டி க்யூரி, கேம்பிரிட்ஜ்
6 டிசம்பர் 1970

அன்புள்ள முரியல், ஆல்பி இருவருக்கும்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்! நான் நலம். உன் கடிதம் வந்து சேர்ந்தது, ரொம்ப சந்தோஷம். எல்லாம் நல்லபடியாக இருப்பதறிந்து நிம்மதி.

இங்கே குளிர் எலும்பைத் தின்கிறது. உங்களுக்கு வெயில்காலம், ஆல்பி சட்டையைக் கழற்றிவிட்டுத் தோட்டத்தில் நிற்பான். ஏணிப் பக்கம் போகவேண்டாம் என்று சொல். இருமல் முழுக்கப் போய்விட்டதா? போனாலும் கழுத்தை மூடிக்கொள்ளச் சொல். மிஸஸ் டாக்கரில் கொடுத்த மஃப்ளரைக் கப்பல் தபாலில் ஆல்பிக்கு அனுப்பியிருக்கிறேன். எனக்கிருப்பது போதும். நல்ல கம்பளி, தொட்டுப் பார்த்தாலே தெரியும். அடுத்த குளிருக்கு ஆகும். "இது உன் மச்சான் போட்ட தூக்குக் கயிறு, கழுத்தில் மாட்டிக்கொள்" என்று நான் சொன்னதாகச் சொல், சிரிப்பான்.

தெருவில் விளக்குத் தோரணம் கட்டியிருக்கிறார்களாம். வடக்குப் பக்கத்தில் மட்டும். கீழே காவல்காரன் ஒருவனைப் போட்டிருக்கிறார்கள், கணப்பு மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் வரும்போதும் போகும்போதும் "பாத்துப் போ" என்பான். அது இல்லாத நாள் யாரும் என்னிடம் பேசாத நாள்.

இருவரும் சுகமாக, சந்தோஷமாக இருங்கள்.

அண்ணன் பெர்சி


பெட்டி க்யூரி, கேம்பிரிட்ஜ்
28 மார்ச் 1971

அன்புத் தங்கைக்கு,

சுகமா? உன்னிடமிருந்து ஐந்து மாதமாக ஒரு வரி இல்லை. ஜனவரியிலிருந்து தபால்காரர்கள் ஏழு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். நீ எழுதியது எங்கோ மூட்டையில் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேலைநிறுத்தம் முடிந்து மூன்று வாரமாகிறது. மூட்டையெல்லாம் காலியாகியிருக்கும். காலையில் தபால்காரர் வருகிற நேரத்துக்குப் படியில் உட்கார்ந்துகொள்கிறேன். "ஒண்ணுமில்ல பெர்சி" என்று அவரே தூரத்திலிருந்து சொல்லிவிடுகிறார்.

ஆல்பிக்கு ஏதாவது? உனக்கு ஏதாவது? அல்லது என்மேல் கோபமா?

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி நான் இங்கிருந்து போகிறேன். இனிமேல் தள்ள முடியாது; தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். புது விலாசத்தை உறையின் பின்னால் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு வரி எழுது.

பெர்சி


ஹோபார்ட் அருகே
2 மே 1971

பெர்சி,

மஃப்ளரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது யாருக்குமில்லை என்று உனக்கே தெரியும்.

நீ ஏன் அப்படி எழுதினாய் என்று ஐந்து மாதம் யோசித்துவிட்டேன். இனி யோசிக்க எனக்குத் தெம்பில்லை. எழுதவேண்டாம்.

முரியல்


ஆர்பரி, கேம்பிரிட்ஜ்
30 மே 1971

முரியல்,

எழுதவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். இந்த ஒரு கடிதத்தை மட்டும் கடைசிவரை படி. எழுதுவது என் கையல்ல. பக்கத்து வாசலில் குடியிருக்கும் டில்லி வேமன் என்கிற பெண் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறான். நல்ல பெண், கொஞ்சம் வாய் அதிகம். (இதையும் எழுதுகிறேன் என்கிறாள்.)

எனக்குக் கண் தெரியாது.

வலது கண் நாலு வருஷம் முன்பே போய்விட்டது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார் டாக்டர், சொட்டுமருந்து கொடுத்தார், ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்றார். இடது கண் சுருங்கிச் சுருங்கி, போன வருஷம் கோடையில் ஒரு சாவித்துவாரம் அளவுக்கு வந்தது. இலையுதிர்காலத்தில் அதுவும் சாம்பலாகிவிட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதலில் சொல்லுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. அப்புறம் சொன்னால் நீ அங்கே தூங்கமாட்டாய் என்று. அப்புறம், இவ்வளவு நாள் சொல்லவில்லையே என்கிற வெட்கம். அதோடு, நம் தெருவில் எனக்குக் கண் தேவைப்படவில்லை முரியல். என் கால்களுக்கு அந்தத் தெரு தெரியும். சக்கரத்துக் கம்பிகளை விரலால் தட்டிச் சத்தம் கேட்டே நேர்பண்ணினேன். முதலாளிக்கே கடைசிவரை சந்தேகம் வரவில்லை. உன் கடிதங்களை மிஸஸ் டாக்கரில் படித்துக் காட்டினாள். கையில் கிரீஸ் என்று நான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைகூடச் சொல்வேன். அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் போன பிறகுதான் உன் அக்டோபர் கடிதம் வந்தது. பிரித்தேன். ஜன்னலோரம் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க நின்றேன். தாள் இருக்கிறது என்பது தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு நாலைந்து வாரம் சுற்றினேன். தபால் நிலையத்தில் ஒரு பெண்ணிடம் கேட்கலாம் என்று வரிசையில்கூட நின்றேன். என் முறை வந்ததும் ஒரு தபால்தலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். காவல்காரனிடம் கொடுக்கலாம் என்று பார்த்தேன். தங்கை அந்தரங்கமாக எழுதியதை அந்நியன் வாயால் தெருவில் கேட்பதா என்று இருந்தது. அதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. பதில் போடவேண்டும்.

நீ எப்போதும் நாலு தாள் எழுதுவாய். அது ஒரே தாள், மெல்லிசாக இருந்தது. கெட்ட செய்தி என்றால் நிறைய எழுதுவாய், ஒரு தாளில் முடித்திருக்கிறாள் என்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் முடிவுகட்டினேன். ஒரு முட்டாளின் கணக்கு. தாள் எண்ணிப் பார்த்து, இறந்துபோன மனிதனுக்கு மஃப்ளர் அனுப்பினேன்.

போன செவ்வாய்க்கிழமை பார்சல் வந்தது. பிரித்துக் கையை விட்டதும் அது எதுவென்று தெரிந்துவிட்டது. கூடவே ஒரு காகிதம். அப்படியே எழுந்து போய் டில்லியின் கதவைத் தட்டினேன்.

"டில்லி, கை ஓய்வா இருந்தா ஒரு காயிதம் படிச்சுக் காட்டுறியா?"

"ஏன், கண்ணாடி ஒடஞ்சுபோச்சா?"

"கண்ணே ஒடஞ்சுபோச்சு."

அவள் சிரிக்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். அதுவும் ஆறு வாரமே பழகிய பெண்ணிடம். அவள் உன் மே மாதக் கடிதத்தைப் படித்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து பழைய உறையை எடுத்துக் கொடுத்தேன். தாளை விரித்த சத்தம் கேட்டது. அப்புறம் நாற்காலி ஒன்றை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"பெர்சி, மொதல்ல உக்காருங்க."

"நீ படி."

"உக்காருங்கன்னு சொல்றேன்ல."

உட்கார்ந்தேன். படித்தாள். 'காற்று அதிகமா என்று கேட்டார்' என்கிற இடத்தில் அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. இத்தனை மாதம் என் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது முரியல், அந்தத் தாள். ஆல்பி செத்துப்போனது என் பைக்குள் இருந்திருக்கிறது. நான் அவனை ஏணியில் ஏறாதே என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

மன்னிப்பு கேட்கிற தகுதி எனக்கில்லை. அவன் முதன்முதலாக வளைந்த சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றது கண்ணுக்குள் இருக்கிறது. அதற்குக் கண் வேண்டியதில்லை. "மேட், இதைச் சரிபண்ண முடியுமா, இல்ல பொதைச்சிடலாமா?" என்று கேட்டான். ஐந்து நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். டில்லியின் குழந்தை அழுதபோது அந்தச் சாக்கில் நானும் அழுதேன்.

நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, ஏன் அந்தத் தெருவை விடமாட்டேன் என்கிறாய் என்று. இதுதான் காரணம். இங்கே வந்து ஏழு வாரமாகிறது. குழாயைத் திருகினால் வெந்நீர் வருகிறது. நீ சொன்னது சரி. ஆனால் வாசலைத் தாண்டி இருபது அடி போனால் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரியாது. எல்லா வாசலும் ஒன்று. வாசனை இல்லை. சுவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. எல்லாப் பக்கமும் புல்.

மூன்று வாரம் முன்பு, டில்லியின் புருஷன் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறி ஊருக்குள் போனேன். சந்தையில் இறங்கி நம் தெருவுக்குள் திரும்பினேன். ஐம்பது அடி நடந்ததும் காது மாறிப்போயிற்று. என் செருப்புச் சத்தம் வடக்குச் சுவரில் பட்டு ஒரு பக்கமாக மட்டும் திரும்பி வந்தது. தெற்கே ஒன்றுமில்லை, வெறும் காற்று, தூசி, பாதி இடித்த சுவரின் ஈர வாசனை. அடி எண்ணியதை மறந்துவிட்டேன். நான் பிறந்த தெருவில், ஜனங்கள் இடித்துக்கொண்டு போகிற நடுவில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கைகளை நீட்டிக்கொண்டு நின்றேன். யாரோ ஒரு மாணவி முழங்கையைப் பிடித்து பஸ்ஸுக்குக் கூட்டிவந்தாள். அவள் பெயர் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

இவ்வளவுதான். நீ பதில் போடவேண்டாம். தெரிந்தால் போதும். உன் துக்கத்தில் நான் கல்லாக இருக்கவில்லை, குருடாக இருந்தேன்.

பெர்சி

(அம்மா, இது நான் எழுதுவது, அவர் சொல்லவில்லை. ஏழு வாரமாக அவர் ரொட்டியும் டின் மீனும் மட்டும்தான் சாப்பிட்டிருக்கிறார். இனிமேல் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார். — டில்லி)


ஹோபார்ட் அருகே
20 ஜூன் 1971

அன்புள்ள பெர்சி,

இதைப் படிப்பது நீங்கள்தானே டில்லி? உங்களுக்கும் உங்கள் குழந்தைக்கும் என் ஆசி. நான் திட்டுகிற இடங்களைத் தயவுசெய்து மெதுவாகப் படிக்காதீர்கள். உரக்கவே படியுங்கள்.

முட்டாளே. கிழட்டு முட்டாளே. நாலு வருஷம்! நான் பேனா வாங்கச் சொன்னேன். படம் எடுக்கச் சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்று சண்டைபோட்டேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நீ பேசாமல் இருந்தாய். ஆல்பி உயிரோடு இருந்திருந்தால் அடுத்த கப்பலில் வந்து உன் காதைத் திருகியிருப்பார்.

உன் கிறிஸ்துமஸ் கடிதம் வந்த நாளைச் சொல்கிறேன். சமையலறை மேசையில் வைத்து, பிரிக்காமல் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் ஒருவனாவது என் கூட அழுவான் என்று. பிரித்தால் வாழ்த்துகள்! அதை அடுப்பில் போட்டேன். மஃப்ளர் வந்தபோது அதையும் போடத்தான் எடுத்தேன். ஆனால் நல்ல கம்பளி, மனசு வரவில்லை. நல்லவேளை.

நானும் ஒன்றைச் சொல்லவில்லை. நான் இங்கே ரொம்பத் தனியாக இருக்கிறேன் பெர்சி. பிள்ளை குட்டி இல்லாததை அவர் இருந்தவரை நான் உணரவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு மரங்களைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். அவர்கள் என்னை அம்மா என்கிறார்கள், கடைக்காரர் மிஸஸ் என்கிறார். அக்டோபருக்கு அப்புறம் ஒருவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒருநாள் கோழிகளுக்குத் தீனி போடும்போது நானே என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். பயமாக இருந்தது.

அவருடைய கடைசி நாளை அன்று எழுத முடியவில்லை. இப்போதும் காகிதத்தில் வேண்டாம். நேரில் சொல்கிறேன். கப்பலில் இடம் பதிவு செய்துவிட்டேன். ஆகஸ்டில் புறப்பட்டு, செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி சவுத்தாம்ப்டன். மறுநாள் மத்தியானம் மூன்றே காலுக்கு ரயிலில் கேம்பிரிட்ஜ். நான் எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

டில்லியை ஸ்டேஷனுக்கு அனுப்பு. என்னை அவளுக்கு அடையாளம் தெரியாதே; பச்சைத் தொப்பி போட்டிருப்பேன்.

முரியல்


ஆர்பரி, கேம்பிரிட்ஜ்
11 ஜூலை 1971

அன்புத் தங்கை முரியலுக்கு,

இங்கே எல்லாரும் நலம். இது என் கையெழுத்து. டில்லி அட்டையில் வரிவரியாகத் துவாரம் வெட்டிக் கொடுத்திருக்கிறாள். அதை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எந்த வரியும் எதன் முதுகிலும் ஏறாது.

டில்லியை அனுப்பமாட்டேன். நானே வருகிறேன். ஒரு வெள்ளைக் கோல் வாங்கியிருக்கிறேன். வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் இருநூற்றுப் பதினான்கு அடி, நடுவில் ஒரு சாக்கடை மூடி, காலில் பட்டால் ஆடும். அதுவரை நேற்றுத் தனியாகப் போய்வந்தேன். இன்று டில்லி பின்னாலேயே வந்தாளாம், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. ஸ்டேஷனுக்குப் போக இன்னும் பத்து வாரம் இருக்கிறது. கற்றுக்கொள்வேன்.

பச்சைத் தொப்பி எனக்கு எதற்கு? உனக்கு ஞாபகம் இருக்கும், கேம்பிரிட்ஜ் ஸ்டேஷனில் ஒரே நீளமான பிளாட்பாரம். கூட்டம் இருக்கும். நீ இறங்கின இடத்திலேயே நில். கையை ஆட்டாதே, என்னைத் தேடி ஓடிவராதே. நான் ஒரு கோடியிலிருந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வருவேன். ஜனங்கள் பார்த்தால் பார்க்கட்டும். கேட்டதும், "இங்க இருக்கேன் பெர்சி" என்று உரக்கச் சொல். நான் வந்து சேர்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இரு.

உன் அண்ணன்
பெர்சி